ஆயுத பூஜைச் சங்கு

கங்கம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்தால் லேசில் போகாது. கல்யாணமான புதிதில், தான் வைக்கிற குழம்பில் மாமியார் ரகசியமாக உப்பைக் கூட்டிப் போடுகிறாள் என்று சந்தேகப்பட்டு, மூன்று நாள் அடுப்பங்கரையை விட்டு நகராமல் காவல் காத்தவள் அவள். அந்தச் சந்தேகம் நிஜமாகவே ஆகித் தொலைந்தது. வினையே அதுதான். அன்றிலிருந்து தன் மூக்குக்கு ஏதாவது எட்டினால் அது தப்பாது என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு உறுதிப்பட்டுவிட்டது.

இப்போது சந்தேகம் சொந்தக் குழுவின் மேலேயே.

சங்கு கலைக்குழு என்றால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. அது பிறந்தது சிப்காட்டில், ஓர் இரும்பு ஆலையின் கேன்டீனில். கங்கம்மா அங்கே சோறு வடிக்கப் போனவள். புதுவாயலுக்கு உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. நடவுக்குப் போய்ப் பழகிய வாய் சும்மா இருக்காது. பாத்திரம் கழுவும்போதும் பாட்டுதான். ஒரு சாயங்காலம் ஷிப்டு முடிந்து ஆலைச் சங்கு ஊதியது. அது முதலில் உறுமி, மெல்ல ஏறி, உச்சியில் ஓர் இடத்தில் நிற்கும். கங்கம்மா அப்போது பாடிக்கொண்டிருந்த பாட்டின் 'ஓ' என்ற இழுப்பும் ஏறிக்கொண்டே போய் அதே இடத்தில் நின்றது. கை கழுவ வந்த பச்சையப்பன் குழாயை மூட மறந்து நின்றுவிட்டான்.

"யக்கா, இது இன்னா உன் கொரலா, சங்கா? நெசமாவே தெரில எனக்கு."

பச்சையப்பன் கம்பி உருட்டுகிற பிரிவில் வேலை செய்தான். அம்மன் கோயில்களில் பம்பை அடிக்கிற குடும்பம். ஸ்டோரில் இருந்த அன்புசெல்வன் கீபோர்டு வாசிப்பான். மூவரும் சேர்ந்தார்கள். பெயர் வைக்கும்போது பச்சையப்பன் 'சங்கு' என்றான். ஊரே சிரித்தது. "ஆரம்பிக்கும்போதே சங்கு ஊதிட்டீங்களே நைனா, வெளங்குமா?" என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு தங்கள் வீட்டுக் காதுகுத்துக்குத் தேதி கேட்டு வந்தார்கள். தீமிதித் திருவிழா, வரவேற்பு, திருவள்ளூரில் அரசு விழா, பொங்கலுக்கு டிவி என்று குழு வளர்ந்தது. கங்கம்மா கேன்டீன் வேலையை விட்டாள். அவள் புருஷன் மோகன்ராஜ் தன் லோடு வண்டியில் குழுவின் சாமான்களை ஏற்றிக்கொண்டு கூடவே வந்தான்.

எங்கே போனாலும் ஆரம்பம் அந்த 'ஓ'தான். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் அதற்குத் துணை உண்டு. ஆயுத பூஜை அன்று அந்த ஆலையில் எந்திரங்கள் எல்லாம் ஓய்ந்திருக்கும். சங்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணி உடைத்து, ஒரே ஒரு முறை ஊதுவார்கள். அந்த ஊதலோடு கங்கம்மா குரல் எழும்பும். இரண்டும் உச்சியில் ஒட்டிக்கொள்ளும்போது தொழிலாளிகள் விசிலடித்துத் தீர்ப்பார்கள். சங்கு நின்ற பிறகும் அவள் குரல் நிற்கும். அப்போதுதான் பம்பை விழும். அதைப் பார்ப்பதற்கென்றே லீவு நாளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறவர்கள் உண்டு.

சரி, சந்தேகத்துக்கு வருவோம்.

போன பொங்கலுக்குச் சற்று முன்னால் பள்ளிப்பட்டில் ஒரு திருவிழா மேடையில் அவள் 'ஓ' உச்சிக்குப் போகும் வழியில் கிழிந்தது. மைக் செட்காரன்தான் காரணம் என்று கங்கம்மா கண்டுபிடித்தாள். இன்னொரு குழுக்காரன் அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்ததை அவளே பார்த்தாளே! மேடையை விட்டு இறங்கி அவனைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "எங்கொரலு எறங்கிச்சின்னு பேசிக்கினு திரியலாம்னு பாக்கறியா? எறங்குன அன்னிக்கு நானே மைக்க கீழ வெச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன். திரும்பிக்கூட பாக்க மாட்டேன். இது எங்கப்பன் மேல சத்தியம்!" என்று கத்தினாள். பச்சையப்பனும் அன்புசெல்வனும் மோகன்ராஜும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஆலை கேட்டுக்கு எதிரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில்தான் எப்போதும் ஒத்திகை. திடீரென்று அதைப் பொன்னேரியில் அன்புசெல்வன் வீட்டு மாடிக்கு மாற்றினார்கள். கேட்டால், "அங்க தூசி பேஜாருக்கா" என்றான் அன்புசெல்வன். இத்தனை வருஷம் இல்லாத தூசி இப்போது எங்கிருந்து வந்தது?

அடுத்து, கீபோர்டில் நம்பர் தெரிகிற சின்னத் திரையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்றான். பம்பைக் கயிற்றை இழுத்துக் கட்டிக் கணீரென்று அடிக்கிற பச்சையப்பன், இப்போதெல்லாம் கயிற்றைத் தளர்வாகவே விட்டு வைத்தான். "தோலு பழசுக்கா, இழுத்தா கிழிஞ்சிடும்." மோகன்ராஜ் கேட்கவே வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு கொடுத்தறியாத மனுஷன், பிளாஸ்க் நிறைய வெந்நீரும் பனங்கற்கண்டும் வைத்துக்கொண்டு பின்னாலேயே திரிந்தான். "ஒரு தபா டாக்டர் கையில தொண்டைய காட்டினா இன்னா கங்கா?" என்று ஒருநாள் இழுத்தான்.

"ஏன்யா, எனக்கு இன்னா கேடு? யாரு உன்னைக் கேக்கச் சொன்னது?"

"யாருஞ் சொல்லல. சும்மா கேட்டேன்."

சும்மாவாம்! பொய் சொன்னால் அவனுக்குக் காது மடல் சிவந்துவிடும். சிவந்திருந்தது. விடிந்ததும் கொஞ்ச நேரம் அவளுக்குக் குரல் கட்டியிருப்பது உண்மைதான். லாரிகள் கிளப்புகிற மண் அப்படி. வெயில் ஏறினால் சரியாகிவிடும். அதற்கு ஒரு டாக்டரா?

எல்லாவற்றுக்கும் மேல் பூமிகா வந்து சேர்ந்தாள். செல்போன் உதிரி செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிற பெண். ஒல்லியாக, பேசினால் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்க வேண்டிய குரல். "கோரஸுக்கு ஒரு ஆள் இருக்கட்டும்கா" என்று பச்சையப்பன் கூட்டிவந்தான். கங்கம்மா ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் அவள் முன்னதாகவே வந்திருப்பாள். படியேறும்போது கேட்கும் பேச்சு, இவள் தலை தெரிந்ததும் நின்றுவிடும். மேடையில் இவளுக்குப் பின்னால், இவள் கண்ணுக்குப் படாத இடத்தில் அவளுக்கு ஒரு மைக். ஒருநாள் பச்சையப்பன் அவளிடம் தணிந்த குரலில் சொன்னது இவள் காதில் விழுந்தது. "அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா அத்தோட முடிஞ்சிச்சு."

இந்தக் குழுவை விட்டால் கங்கம்மாவுக்கு என்ன இருக்கிறது? பிள்ளையில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பொன்னேரி கடைத்தெருவில் காய் வாங்கப் போனாலும், "சங்கு கங்கம்மா போவுது பாரு" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்களே, அதுதான் அவளுடைய சோறு, தண்ணி எல்லாம். அதைப் பிடுங்கி ஒரு நண்டுப் பெண்ணிடம் கொடுக்கப் போகிறார்களா? அதுவும் கட்டின புருஷனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டா?

புரட்டாசியில் ஆலை மேனேஜர் ஜகந்நாதன் போன் செய்தார். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்துக்காரர்; யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். "ஏம்மா, உடம்பு சரியில்லையா? இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வரமுடியாதுன்னு பச்சையப்பன் சொல்லிட்டானே? வேற குரூப் பாக்கட்டுமான்னு கேக்கறான். எனக்கு மனசே ஒப்பலை."

"நேர்ல வந்து சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டாள். பிறந்த மேடையையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், அவளை ஒரு வார்த்தை கேட்காமல்!

ஷிப்டு விடும் நேரத்துக்குப் பச்சையப்பனைக் கேட் வாசலிலேயே மடக்குவது என்று கிளம்பினாள். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தாள். எவ்வளவோ மாசமாகிவிட்டது இந்த நேரத்தில் இந்தப் பக்கம் வந்து. சங்கு ஊதியது. உறுமி, ஏறி, நின்றது. பழக்கதோஷம், முந்தின நாள் மேடையில் எடுத்த 'ஓ'வை வாய்க்குள்ளேயே முனகினாள்.

ஒட்டவில்லை.

சங்கு எங்கேயோ மேலே நின்றது. அவள் முனகல் கீழே, பந்தமே இல்லாத இடத்தில் கிடந்தது.

"யண்ணா, சங்க மாத்திட்டாங்களா?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

"அதே பழைய சங்குதாம்மா. ஏன்?"

கங்கம்மா கையில் டீ ஆறியது. சங்கு மாறவில்லை என்றால் பாட்டு மாறியிருக்கிறது. அவள் எடுக்கும் சுருதி ஐந்தரைக் கட்டை. அதைக் கேட்டு வாங்கக்கூட வேண்டாம், அன்புசெல்வனுக்கே தெரியும். கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் மொத்தமும் ஒரு படி இறங்கிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். வேறு பாடகர்களுக்காக அவன் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். இறக்கிவிட்டான், பாவி! ஒரேயடியாக இறக்கினால் கண்டுபிடித்துவிடுவாள் என்று மாசத்துக்குக் கொஞ்சமாக இறக்கியிருக்கிறான். திரையில் தெரிகிற நம்பர் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் டேப். பம்பை காட்டிக்கொடுக்கும் என்றுதான் தளர்ந்த கயிறு. சங்கு காட்டிக்கொடுக்கும் என்றுதான் பொன்னேரி மாடி!

எதற்காக? அதற்கும் பதில் தானாகவே வந்து நின்றது. பூமிகாவுக்காக. அந்தப் பெண் பேசுவதே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அவளுக்கு எட்டுகிற உயரத்துக்குப் பாட்டுகளை எல்லாம் இறக்கி வைத்துவிட்டார்கள். இனி ஒருநாள் அவளை நடு மைக்குக்கு நகர்த்த வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மாமியாரின் உப்பு டப்பாவைக் கையும் களவுமாகப் பிடித்த அன்று வந்த திருப்திகூட அவளுக்கு வந்தது.

அங்கேயே குரலை ஏற்றிச் சங்கைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் ஷிப்டு விட்டு ஜனம் வந்துகொண்டிருந்தது. நடு ரோட்டில் எதற்கு? தவிர, அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பச்சையப்பன் வெளியே வந்து, இவளைப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். போகட்டும் என்று விட்டுவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நாங்க வர்றோம் சார். அவன் கெடக்கறான். எப்பவும் போல சங்க ஊதுங்க, நான் எடுக்கறேன்."

விஷயம் தெரிந்ததும் பொன்னேரி மாடியில் மூவரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார்கள்.

"யக்கா, வேணாங்கா" என்றான் பச்சையப்பன். "அன்னிக்கு வேற எடத்துல புரோகிராம் கேட்டிருக்காங்க."

"எந்த எடம்?"

அவன் அன்புசெல்வனைப் பார்த்தான். அன்புசெல்வன் மோகன்ராஜைப் பார்த்தான். மோகன்ராஜ் பிளாஸ்க் மூடியைத் திறந்து மூடினான்.

"சொல்லுங்கடா. எந்த எடம்?"

பூமிகா தலையைக் குனிந்துகொண்டு நகத்தைக் கடித்தாள். "நீ எதுக்கும்மா பயப்படற? உனக்கு நல்ல காலந்தானே?" என்று கங்கம்மா கேட்டபோது அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. நடிப்பு என்று கங்கம்மா முடிவு கட்டினாள்.

ஆயுத பூஜை அன்று ஆலை முற்றத்தில் மாவிலைத் தோரணமும் வாழைக்கன்றும் கட்டி, எந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பொரியை இறைத்துக்கொண்டு ஓடினார்கள். பூஜை முடிந்து குழுவைச் சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "நீங்க போங்க, நான் புடவைய சரி பண்ணிக்கினு வர்றேன்" என்றாள் கங்கம்மா.

மேடையில் யாரும் இல்லை. கீபோர்டு முன்னால் போய் நின்றாள். கறுப்பு டேப்பை நகத்தால் கிள்ளி உரித்தாள். சின்னத் திரையில், ஒரு கோடு போட்டு, நாலு. நாலு படி கீழே! அடப் பாவிகளா, ஒன்றா, இரண்டா? ஏற்றுகிற பட்டனை அமுக்கினாள். மூன்று. இரண்டு. ஒன்று. கோடு போய்ச் சுழி மட்டும் நின்றது. ஐந்தரைக் கட்டை, தன் சொந்த இடம். டேப்பைத் திரும்ப ஒட்டினாள். இனி பாடட்டும் அந்தக் குட்டி, எப்படி எட்டுகிறாள் பார்ப்போம்.

அவர்கள் மேடைக்கு வந்தார்கள். பச்சையப்பன் இடுப்பில் பம்பையைக் கட்டும்போது அவன் முகம் வெளிறியிருந்தது. "யக்கா," என்று மெல்லக் கூப்பிட்டான், "சங்கு நிக்கட்டும். அதுக்கப்பறமா எடுத்துக்கலாமா?"

"முடியாது" என்றாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜகந்நாதன் பூசணிக்காயை உடைக்கச் சொல்லிவிட்டுக் கையைக் காட்டினார். சங்கு உறுமியது. முற்றமே அடங்கியது. அன்புசெல்வன் முதல் சுரத்தை அமுக்கினான்; அமுக்கியதும் அவன் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அதற்குள் கங்கம்மா கண்ணை மூடிக் குரலை எடுத்துவிட்டாள்.

ஏறினாள். சங்கோடு சேர்ந்தே ஏறினாள். பாதி வழி வரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு படி. இன்னொரு படி வைத்தபோது தொண்டைக்குள் ஏதோ அடைத்தது. தள்ளினாள். பள்ளிப்பட்டில் கேட்ட அதே கிழிசல். அதற்குப் பின் காற்று மட்டும் வந்தது. வாய் 'ஓ' என்று திறந்தபடி இருக்கிறது, சத்தம் இல்லை. மைக் செட்காரன் யாரென்று தேட அவளுக்குத் தோன்றவில்லை. சங்கு ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றது.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மெல்லியதுதான், ஆனால் ஒரு சிரமமும் இல்லாமல் போய்ச் சங்கின் மேல் உட்கார்ந்தது. கங்கம்மா திரும்பினாள். பூமிகா பாடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிய, மன்னிப்புக் கேட்கிற கண்ணோடு இவளைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கங்கம்மாவுக்குத் தெரியும். இந்த ஆறேழு மாசமாக ஒவ்வொரு மேடையிலும் உச்சியில் கேட்டு, தன்னுடையது என்று பூரித்துப்போன குரல் அது.

ஆக, இறங்கியது அந்தப் பெண்ணுக்காக இல்லை.

சங்கு நின்றது. பூமிகாவும் நிறுத்திக்கொண்டாள். தொழிலாளிகள் இது புது மாதிரி என்று நினைத்துக் கைதட்டி விசிலடித்தார்கள். பம்பை விழவில்லை. பச்சையப்பனின் குச்சி அந்தரத்திலேயே நின்றது.

கங்கம்மா மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவனிடம் போனாள். "எப்போலேர்ந்து?"

"பள்ளிப்பட்டுலேர்ந்துக்கா."

"சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

"சொன்னா மைக்க வெச்சிட்டுப் போயிடுவ. சத்தியம் பண்ணியே. நீ சொன்னா செய்யற ஆளு." அவன் குரல் உடைந்தது. "நீ இல்லாம நாங்க யாருக்குக்கா அடிக்கறது?"

மேடைக்குக் கீழே மோகன்ராஜ் பிளாஸ்க்கோடு நின்றான். இரண்டு காது மடலும் சிவந்திருந்தன. அப்பன் மேல் பண்ணின சத்தியம் கங்கம்மாவின் நெஞ்சில் வந்து நின்றது. கையில் மைக். கீழே வைத்துவிட்டு நாலு படி இறங்கினால் வண்டி. போன மாசம் திருவள்ளூர் மேடையில் ஜனம் எழுந்து நின்று தட்டியதும், அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "பாத்தியா எங்கொரல?" என்று இவள் பீற்றியதும், வண்டி ஓட்டிக்கொண்டே அவன் "ஆமா கங்கா" என்றதும் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது. அழுகை தொண்டை வரை வந்தது. அந்தப் பாழும் தொண்டையில் இப்போது அதற்கு மட்டும் இடம் இருந்தது!

"இன்னாம்மா, பாட்டு எங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

கங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீபோர்டு பக்கம் போனாள். அன்புசெல்வன் பட்டனை அமுக்கிச் சுருதியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். அவன் விரல் நின்றதும், டேப்பைப் பிடித்து இழுத்துக் கசக்கிக் கீழே போட்டாள்.

"இனிமே இத மூடாத. எறங்கினா எறங்குதுன்னு என் கண்ணால பாக்கணும். உங்க ஒருத்தரையும் நான் நம்ப மாட்டேன்."

திரையில் நாலு என்று இருந்தது. வாய்க்குள் ஒருமுறை முனகிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, இறக்குகிற பட்டனை அவளே இன்னொரு தடவை அமுக்கினாள். ஐந்து.

பச்சையப்பன் பம்பைக் கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். கங்கம்மா பூமிகாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் பக்கத்தில் நிறுத்தினாள். "பின்னாடி நின்னுக்கினு திருட்டுத்தனமா பாடாத. இங்க நில்லு" என்று சொல்லிவிட்டு, நடவுப் பாட்டை எடுத்தாள்.